விழுந்தால் யாருக்குக் கேட்கும்? முதியவர்களுக்கு ஸ்மார்ட் மணிக்கூடு வாங்குமுன் யோசிக்க வேண்டியவை

என் பெரியம்மா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம், தனியாக இருக்கிறார். போன மாரியில் ஒருநாள் விடியற்காலை கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். அப்போது ஆறு மணி இருக்கும். கறிவேப்பிலை ஆய்வதற்காக அடுத்த வளவு மச்சாள் வந்து கண்டபோது எட்டு மணி தாண்டிவிட்டது. நல்லகாலம், எலும்பு உடையவில்லை. ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஈர நிலத்தில் எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார். போன் வீட்டுக்குள் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் இருந்தது. "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தன் மனே, மழை இரைச்சல்ல ஆருக்குக் கேட்கும்" என்றார் என்னிடம்.

செய்தி கேட்ட அவரின் மகன், என் அண்ணன், கனடாவிலிருந்து ஒரு ஸ்மார்ட் மணிக்கூடு வாங்கி அனுப்பினார். விலை கூடியது. விழுந்தால் தானே கண்டுபிடித்து உதவிக்கு அழைக்கும், உலகம் முழுக்க வேலை செய்யும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். இங்கே பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கியது, அதை இயக்க ஒரு ஸ்மார்ட் போன் வேண்டும். பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதன் உள்ளேயே பதிந்திருந்த, கழற்றி மாற்ற முடியாத இ-சிம்மையும் இங்கே இயக்க முடியவில்லை. அந்த மணிக்கூடு இப்போதும் அலுமாரிக்குள் இருக்கிறது. அந்தப் பணம் வீணானதை விட, அதை அனுப்பிய பிறகு அண்ணன் நாலு மாதமாக "அம்மாவின் கையில் மணிக்கூடு இருக்கிறது" என்று நம்பி நிம்மதியாகத் தூங்கியதுதான் எனக்குக் கவலை.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாகத் தேடிப் படித்தேன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும், அம்பாறைப் பக்கம் திருக்கோவில், தம்பிலுவில் வரைக்கும், பிள்ளைகள் வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்க, தனியாக வாழும் பெற்றோர் உள்ள குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சாதனம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1974இல் அமெரிக்காவில் லைஃப்லைன் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. முதியவர் கழுத்தில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டிருப்பார். அழுத்தினால் வீட்டுத் தொலைபேசி வழியாக அழைப்பு போகும். மறுபக்கத்தில் இரவு பகலாக ஆட்கள் இருந்து, "என்ன நடந்தது, யாரை அனுப்ப?" என்று கேட்பார்கள். இதற்கு மாதக் கட்டணம் உண்டு. பின்னால் அந்தப் பொத்தான் மணிக்கூட்டுக்குள் போய்விட்டது, ஆனால் அடிப்படை மாறவில்லை. அங்கே மக்கள் பணம் கொடுப்பது முக்கியமாக அந்தக் கேட்கும் ஆளுக்கு. இணையத்தில் 'மருத்துவ எச்சரிக்கை மணிக்கூடு' என்று தேடினால் வரும் பெயர்களில் பல அப்படிப்பட்ட அமெரிக்கச் சேவைகள்தான். அவை அந்த நாட்டுத் தொலைபேசி வலையமைப்புக்கும் அந்த நாட்டு மையத்துக்கும் கட்டப்பட்டவை. மட்டக்களப்பில் அழுத்தினால் எடுக்க ஆளில்லை.

இலங்கையில் நமக்கு 1990 என்ற அம்புலன்ஸ் அழைப்பு இலக்கம் இருக்கிறது. 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்ஸ் பின்னர் மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. இது பெரிய வரம். ஆனால் அம்புலன்ஸ் வர ஒருவர் அழைக்க வேண்டும், இடத்தைச் சொல்ல வேண்டும், ரோட்டுக்கு வந்து கைகாட்டி உள்ளே கூட்டிப்போக வேண்டும். நம் ஊரில் வீட்டு இலக்கத்தை வைத்து வீடு கண்டுபிடிப்பது அரிது. "பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் போகும் ஒழுங்கை, பெரிய புளியமரம் தாண்டி" என்பதுதான் முகவரி. மாரியில் வெள்ளம் ஏறினால் எந்த ரோட்டால் வரலாம் என்பதையும் அங்கே இருப்பவர்தான் சொல்ல முடியும். ஆகவே, எந்தக் கம்பனி, எந்த மாடல் என்ற கேள்விக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த அழைப்பு யாருடைய போனில் அடிக்க வேண்டும்? ஐந்து நிமிடத்தில் நடந்து வரக்கூடியவர் யார்? அதற்குப் பதில் கிடைத்தால் மணிக்கூட்டைத் தெரிவு செய்வது பாதி முடிந்துவிடும்.

ஏனென்றால் எல்லா மணிக்கூடும் ஒரே ஆளை அழைப்பதில்லை. ஆப்பிள் வாட்ச் 2018இல் வந்த சீரிஸ் 4 முதல் விழுவதைக் கண்டுபிடிக்கிறது. பலமாக விழுந்தால் கையைத் தட்டி, சத்தம் போட்டு, நலமா என்று கேட்கும். சுமார் ஒரு நிமிடம் அசைவே இல்லை என்றால் தானாகவே அவசர சேவைக்கு அழைக்கும். விழுந்த செய்தியையும் அகலாங்கு நெட்டாங்கையும் ஒலிப்பதிவாகச் சொல்லும். குடும்பத்தவருக்குப் போவது குறுஞ்செய்தி மட்டும், அதுவும் அந்த அழைப்புக்குப் பிறகு. ஒரே இலக்கத்தில் எல்லா அவசரத்துக்கும் அழைக்கும் நாடுகளுக்கு இது சரி. இங்கே பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990 என்று தனித்தனி இலக்கங்கள். மணிக்கூடு இதில் எதை எடுக்கிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. அழைப்பு சரியான இடத்துக்குப் போனாலும், அங்கே கிடைப்பது ஒரு இயந்திரக் குரலும் சில எண்களும். புளியமரத்தைப் பற்றி அது சொல்லாது.

சாம்சுங் கலக்ஸி வாட்சில், விழுந்த பிறகு ஒரு நிமிடம் பதில் இல்லை என்றால் நாம் பதிந்து வைத்த ஆட்களுக்கு இடத்தோடு செய்தி போகும்படி வைக்கலாம். பொத்தானை அழுத்தும்போது யாருக்கு அழைப்பு போக வேண்டும் என்பதையும் அமைப்பில் தெரிவு செய்யலாம். நம் ஊருக்கு இந்த முறை பொருந்துகிறது என்று நினைக்கிறேன். ஆனால் இதற்கும் ஸ்மார்ட் போன் தேவை. ஆப்பிளுக்கு ஐபோன்தான் வேண்டும். சாம்சுங்கில் 2021இல் வந்த வாட்ச் 4 முதல் அண்ட்ராய்டு போன்தான் வேண்டும். சிம் இல்லாத மாடல் என்றால் போன் புளூடூத் தூரத்துக்குள், அதாவது ஏறத்தாழ பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். இடையில் சுவர் இருந்தால் அதுவும் குறையும். பெரியம்மாவின் வீட்டில் சாமியறையிலிருந்து கிணற்றடி அதைவிடத் தூரம். சிம் இல்லாத மணிக்கூடு அன்று கையில் இருந்திருந்தாலும் யாருக்கும் சொல்லியிருக்காது.

பட்டன் போனோடு இருப்பவர்களுக்கு என் யோசனை, சாதாரண நானோ சிம் போட்டுத் தனியாக இயங்கும் 4ஜி மணிக்கூடு. முதியவர்களுக்கு என்றும் சிறுவர்களுக்கு என்றும் இவை விற்கப்படுகின்றன. எஸ்.ஓ.எஸ். என்ற பெரிய அவசரப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் பதிந்து வைத்த இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக, யாராவது எடுக்கும்வரை அழைக்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் கேட்க வேண்டிய ஆளுக்கு நேரே கேட்கும். 2ஜி மட்டும் உள்ளதை மலிவு என்று வாங்க வேண்டாம், பழைய வலையமைப்பை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். அமெரிக்காவில் 2022இல் 3ஜி வலையமைப்புகளை நிறுத்தியபோது, அதில் இயங்கிய பழைய எச்சரிக்கைக் கருவிகளை வைத்திருந்த முதியவர்கள் அவற்றை மாற்ற வேண்டி வந்தது.

சிம் விஷயத்தில் சின்னதாகத் தோன்றும் சில சிக்கல்கள் பெரிதாக வந்து நிற்கும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, தன் அனுமதி இல்லாத சிம் சாதனங்களை 2025 ஜனவரி 28க்குப் பிறகு வலையமைப்பில் புதிதாகப் பயன்படுத்த முடியாது என்று அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பெட்டியில் இருக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்கச் சாதன அடையாள எண்ணை, IMEI என்று எழுதி இடைவெளி விட்டு, 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்க்கலாம். இ-சிம் மணிக்கூடு என்றால், வாங்குமுன் நம் தொலைபேசி நிறுவனத்திடம் அந்த மாடலின் பெயரையே சொல்லிக் கேளுங்கள். "இ-சிம் இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால் இருக்கிறது என்பார்கள். போனுக்கு இருப்பது மணிக்கூட்டுக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ரீலோட்டும் அப்படித்தான். முற்கொடுப்பனவு சிம்மில் காசு முடிந்தால் மணிக்கூடு ஊமை. முதல் இலக்கமாக ரொறன்ரோவில் இருக்கும் மகனின் இலக்கத்தைப் பதிந்து வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாசம் விளங்குகிறது. ஆனால் வெளிநாட்டு அழைப்புக்குக் காசு போதாவிட்டால் அது போகவே போகாது. போனாலும் நமக்குக் காலை பத்து மணி அவருக்கு நடுச்சாமம். அவர் விழித்து எடுத்தாலும் செய்யக்கூடியது, திரும்ப ஊருக்கு அழைத்து அயலைத் தேடுவது மட்டும். அயலே முதல் இலக்கமாக இருக்கட்டும், மகனுக்குக் குறுஞ்செய்தி போகட்டும்.

இனி, விழுவதை மணிக்கூடு எப்படி அறிகிறது? உள்ளே முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சின்ன உணரிகள் இருக்கின்றன. கை திடீரென்று கீழே போவது, பிறகு பலமான மோதல், அதன்பின் அசைவின்மை: இந்த மூன்றும் ஒரு வரிசையில் வந்தால் விழுந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு பக்கமும் பிழை வரும். உரலில் மா இடிக்கும்போது, விறகு கொத்தும்போது, தேங்காய் உடைக்கும்போது மணிக்கூடு பதறலாம். மறுபக்கம், கட்டிலிலிருந்து மெல்லச் சரிந்து இறங்குவது, தலைசுற்றிச் சுவரைப் பிடித்தபடி இருந்துவிடுவது, கதிரையிலிருந்து வழுகுவது போன்றவற்றில் மோதல் பலமாக இல்லாததால் அது பேசாமல் இருந்துவிடலாம். முதியவர்கள் விழுவதில் இப்படி மெல்ல விழுவது நிறைய. எனவே தானியங்கி வசதி இருந்தாலும் பொத்தானை அழுத்தும் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பிழையாக எச்சரிக்கை வந்தால் "நான் விழவில்லை" என்று திரையில் தொட வேண்டும். அந்த வாசகம் பல மாடல்களில் ஆங்கிலத்தில் வரும். கண்ணாடி இல்லாமல், ஆங்கிலமும் தெரியாமல், சத்தத்தில் பதறி நிற்கும் ஒருவருக்கு அது பெரிய சோதனை. இரண்டு தரம் வீணாக ஆட்கள் ஓடிவந்தால் மூன்றாம் நாள் மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிடுவார். எந்த நிறத்தைத் தொட வேண்டும், எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்து, செய்து காட்டிப் பழக்க வேண்டும். ஒரு பின்னேரம் போதாது. ஆப்பிளில் பதிந்த வயது 55 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த வசதி தானாகத் திறக்கும். தங்கள் பிறந்த ஆண்டைப் போட்டுப் பிள்ளைகள் பதிந்தால் திறக்காமல் இருக்கலாம். அமைப்புக்குள் போய் ஒருதரம் பார்ப்பது நல்லது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். 60 வயது தாண்டியவர்களிடம்தான் இது அதிகம். விழுந்த அடியை விட நீண்ட நேரம் தரையில் கிடப்பது சில வேளை மோசம். ஒரே பக்கம் நசிந்த தசையிலிருந்து வெளியாகும் பொருள்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உடம்பில் நீர் வற்றும், தோல் புண்ணாகும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டிய 110 பேரை ஓர் ஆண்டு கவனித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. விழுந்தவர்களில் 30 வீதமானோர் ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். என்னைத் தைத்தது அதில் இருந்த மற்றொரு செய்தி: அவர்களில் பலரிடம் அழைப்புப் பொத்தான் இருந்தும், பெரும்பாலான நேரம் அது பயன்படவில்லை. சிலர் அணிந்திருக்கவில்லை. சிலர் யாருக்கும் கரைச்சல் கொடுக்க விரும்பவில்லை. நம் அம்மாக்களும் அப்படித்தான். "உங்கட வேலைய ஏன் கெடுப்பான்" என்று சொல்லிக்கொண்டே வலியோடு கிடப்பார்கள். பொத்தானை அழுத்துவது கரைச்சல் இல்லை என்பதை மணிக்கூடு வாங்குகிற அன்றே, அழைப்பை எடுக்கப்போகிற ஆளின் வாயால் அவர்களுக்குச் சொல்ல வைக்க வேண்டும்.

கையில் இருந்தால்தான் பயன். கழற்றும் இரண்டு வேளைகள்தான் ஆபத்தான வேளைகளும்: குளிப்பும் இரவும். குளிக்கும்போது கழற்றாமல் இருக்க 5 ஏ.டி.எம். (50 மீட்டர் ஆழ நீரின் அழுத்தம்) என்று குறித்த நீர்த்தடுப்பாவது வேண்டும். கிணற்றுத் தண்ணீர் பரவாயில்லை, சவர்க்காரம் பட்டால் நன்றாகக் கழுவிவிட வேண்டும். தோல் பட்டி நம் வியர்வைக்குச் சரிவராது, சிலிக்கன் பட்டியை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டலாம். வயதானவர்களின் தோல் மெல்லியது, இறுக்கிக் கட்டினால் புண் வரும்.

சார்ஜ் விஷயம் இன்னும் முக்கியம். சாதாரண ஆப்பிள் வாட்சுகள் பலவற்றுக்குக் கம்பனி சொல்லும் கணக்கே 18 மணித்தியாலம். இரவில் சார்ஜில் போட்டால், நடுச்சாமத்தில் எழும்பி வளவுக்குள் இருக்கும் கழிப்பறைக்குப் போகும்போது கை வெறுமையாக இருக்கும். பின்னேரம் கதிரையில் இருந்து தேநீர் குடிக்கும் நேரத்தைச் சார்ஜ் நேரமாக்கிவிடலாம். 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை நாம் மறக்கவில்லை. ஒரு பவர் பேங்க் கூட இருக்கட்டும். எனக்கு நாலைந்து நாள் தாங்கும் எளிய மணிக்கூடு, நாளுக்கொரு தரம் சார்ஜ் கேட்கும் கெட்டிக்கார மணிக்கூட்டை விட மேலாகத் தெரிகிறது.

உடல்நலம் அளக்கும் வசதிகளைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசி குத்தாமல் சீனி அளக்கும் என்று சொல்லி மலிவு மணிக்கூடுகள் விற்கப்படுகின்றன. நம்ப வேண்டாம். 2024 பெப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அப்படித் தானாக இரத்தச் சீனி அளக்கும் எந்த மணிக்கூட்டுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை, பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடும் ஒருவர் அந்தப் பொய் எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. பிரஷர் அளக்கும் சாம்சுங் மணிக்கூடுகளைக்கூட மேற்கையில் கட்டும் கருவியோடு 28 நாளுக்கு ஒருமுறை ஒத்துப்பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அதுவும் அனுமதி உள்ள நாடுகளில்தான் திறக்கும். எப்படியும் அந்தக் கருவி வேண்டும் என்றால் அதையே வாங்கி, எண்களைக் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொண்டுபோகலாம்.

ஒரு விரலை வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. சீரற்ற இதயத் துடிப்பைக் காட்டக்கூடியது, அதில் அதற்கு நல்ல பயன் இருக்கிறது. ஆனால் மாரடைப்பை அதால் கண்டுபிடிக்க முடியாது. சீனி வருத்தம் உள்ள முதியவருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். வேர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் மணிக்கூட்டில் என்ன எண் வந்தாலும் 1990க்கு அழைக்க வேண்டும். ஒட்சிசன் அளவும் அப்படியே: கறுத்த தோலில் ஆஸ்பத்திரிக் கருவிகளே சில வேளை உள்ளதை விடக் கூட்டிக் காட்டுவதை 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காந்தம் உள்ள மணிக்கூட்டையும் சார்ஜரையும் பற்றி முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலிவுச் சிம் மணிக்கூடுகளில் இன்னொரு வசதி இருக்கும்: தூரத்திலிருந்து, அணிந்திருப்பவருக்குத் தெரியாமலே சுற்றியுள்ள பேச்சைக் கேட்பது. ஜேர்மனி 2017இல் இப்படி ஒட்டுக்கேட்கும் சிறுவர் மணிக்கூடுகளைத் தடைசெய்தது. நம் தாய் தகப்பன் சிறைப்பட்டவர்கள் இல்லை. அதை அணைத்து வையுங்கள். இடத்தைப் பார்ப்பதற்கும் அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகு பாருங்கள். ஜிபிஎஸ் திறந்த வயலில் நன்றாகக் காட்டும், கொங்கிரீட் கூரைக்குக் கீழே தடுமாறும். அதனால் செய்தியில் வீட்டுக் குறிப்பையும் எழுத்தாகப் பதிந்து வைப்பது நல்லது.

கடைசியாக, கேட்கும் ஆட்களின் பட்டியல். ஒரு பெயர் போதாது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் அயல் முழுக்க வயலில் நிற்கும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு என்றால் ஊரே கோயிலில் இருக்கும், ஒலிபெருக்கிச் சத்தத்தில் போன் அடிப்பது கேட்காது. குறைந்தது மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருவரிடம் மோட்டார் சைக்கிளோ முச்சக்கரவண்டியோ இருக்க வேண்டும், ஒருவரிடம் வீட்டுத் திறப்பு இருக்க வேண்டும். மருந்துப் பட்டியலும் கிளினிக் கொப்பியும் எங்கே இருக்கின்றன என்று மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, பூரணை விடுமுறை நாளில், முன்கூட்டியே சொல்லிவிட்டு அழுத்திப் பார்க்கலாம். அந்தச் சோதனை 1990க்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவுக்கு இப்போது ஒரு எளிய 4ஜி மணிக்கூடு கட்டியிருக்கிறோம். முதல் இலக்கம் அடுத்த வளவு மச்சாள், இரண்டாவது ரோட்டு முகப்பில் கடை வைத்திருக்கும் தம்பி, மூன்றாவது நான். கல்லடியிலிருந்து மண்முனைப் பாலத்தால் போனாலும் நான் போய்ச் சேர நேரம் எடுக்கும், அதனால்தான் மூன்றாவது. பாசி பிடித்த கிணற்றடியைத் தேய்த்துக் கழுவி, பிடித்து நடக்க ஒரு கம்பியும் போட்டோம். அதை மணிக்கூட்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். ரீலோட் அண்ணனின் பொறுப்பு. ரொறன்ரோவில் அவர் காலையில் வேலைக்கு வெளிக்கிடும் நேரம் இங்கே பின்னேரம் ஐந்தரை, ஆறு மணி. அப்போது ஆப்பில் சார்ஜ் எவ்வளவு என்று பார்ப்பார். முப்பது வீதத்துக்குக் கீழே என்றால் பெரியம்மாவின் பட்டன் போனுக்கு அழைத்து, "அம்மா, மணிக்கூட்டைக் கழற்றிச் சார்ஜில் போடுங்க, நிரம்பும்வரை என்னோட கதைச்சுக்கொண்டு இருங்க" என்கிறார்.